இருபத்தோரு நாளும் இரண்டு கேன் அருவித் தண்ணீரும்

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் காலங்காலமாக வாழ முடியுமா என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள், கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். மீதிப் பேர், "டீச்சர், போகும்போது எங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைங்க" என்பார்கள், ஏதோ நான் மதுரைக்கு வேன் பிடிப்பதுபோல. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதை நீட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

முதலில் ஒன்று. நான் செவ்வாய்க்குப் போக விண்ணப்பிக்கவில்லை. அங்கே போக இன்றைக்கு யாருக்கும் வண்டி கிடையாது. வெளிநாட்டில் ஒரு பாலைவனத்தில், செவ்வாயில் பிற்காலத்தில் கட்டக்கூடிய வீடு எப்படி இருக்குமோ அப்படியே ஒரு வீட்டை ஓர் ஆய்வுக்குழு கட்டி வைத்திருக்கிறது. ஆறு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வருடம் வெளியே வராமல் வாழ்ந்து காட்ட வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருவர் செடி வளர்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. வயது நாற்பத்தைந்து, அவர்கள் ஐம்பது வரை சேர்க்கிறார்கள். மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று தோன்றியது. இப்போதும் வேண்டும்.

விண்ணப்பத்தோடு ஒரு பதிவு கேட்டிருந்தார்கள். சொந்த வீட்டிலேயே ஓர் அறையில் இருபத்தோரு நாள் அடைந்து கிடக்க வேண்டும். முதல் நாள் உள்ளே கொண்டுபோன தண்ணீரையும் உணவையும் வைத்தே ஒப்பேற்ற வேண்டும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. தண்ணீரின் அளவைக் காலையும் மாலையும் குறித்து வைத்து, கடைசியில் அந்தக் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். காற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. ஜன்னலையும் அடைத்துவிட்டு உட்கார்ந்தால் மூன்றாம் நாள் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

இந்தச் செய்தி ஆசிரியர் அறைக்குப் போனதும் கணக்கு வாத்தியாருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "குத்தாலத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தண்ணியில்லாத கிரகத்துக்குப் போறாவளாம். ஏதாவது அர்த்தம் இருக்கா அண்ணாச்சி?" என்று அலுவலக எழுத்தரிடம் எனக்குக் கேட்கும்படியே கேட்டார். நான் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு மை பேனாவை அவர் பக்கம் வீசினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, வீசவில்லை.

அங்கே வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். காற்று கொஞ்சம்தான், அதுவும் மூச்சுவிடத் தோதில்லாத காற்று. மண்ணில் நச்சு உப்பு. கழுவாமல் அதில் ஒரு கீரை போட முடியாது. வானத்திலிருந்து வருகிற கதிர்வீச்சைத் தடுக்க நமக்கு இங்கே இருக்கிற போர்வை அங்கே இல்லை. எடை குறைந்து நடமாடினால் எலும்பு என்ன ஆகும், அங்கே ஒரு பிள்ளை பிறந்தால் எப்படி வளரும், யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை பேசினால் அது பூமிக்கு வந்து சேரவே பல நிமிடம் ஆகும். இன்றைய தேதியில் முடியாது என்றுதான் வகுப்பிலும் சொல்லுகிறேன். ஆனால் 'முடியாது' என்று சிரிக்கிறவர் யார் என்று பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் பிறந்ததிலிருந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற ஊரில் இருக்கிறார்.

நான் பிறந்தது சங்கரன்கோவில் தாண்டித் திருவேங்கடம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, குளித்த தண்ணீர் முருங்கைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாசல் தெளிக்க. எங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒரே ஒரு வேலை செய்துவிட்டு ஓய்ந்ததில்லை. அங்கே மனிதர் காலங்காலமாக வாழ முடியுமா என்று குழு போட்டு யாரும் ஆராயவில்லை. போனார்கள், இருந்தார்கள், பருத்தி போட்டார்கள். அதனால் அந்த இருபத்தோரு நாள் எனக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

அறைதான் பிரச்சினை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாமனார் கட்டிய ஓர் அறை இருக்கிறது, கூடவே குளியலறையும். தென்காசியில் மாடி அறை வைத்திருக்கிறவர்களுக்கு அது எதற்கு என்று தெரியும்: சீசனுக்கு. சாரல் விழத் தொடங்கினால் போதும், எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாக வந்து இறங்கிவிடும். காலையில் குற்றாலம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி குற்றாலம். அந்த அறையை இந்த வருடம் தர முடியாது என்று சொல்வது சொந்தத்தையே அறுத்துக்கொள்வது மாதிரி. நான் கணக்குப் போட்டேன். மே நடுவில் உள்ளே போனால் ஜூன் முதல் வாரம் வெளியே வந்துவிடலாம்; பள்ளி திறப்பதற்கும் சரியாக இருக்கும், சீசனுக்கும் அறை காலியாகிவிடும்.

என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பனிமலை உச்சியில் கூண்டு மாதிரி ஒரு குடிலுக்குள் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார். வீட்டில் அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. "குளிரு ஒண்ணும் செய்யாது. பக்கத்துல கெடக்கவன் கொறட்டதான் ஆளக் கொல்லும். நீ தனியாத்தான இருக்கப்போற, ஒனக்கென்ன?" என்றார். டிரம் இரண்டையும் அவர்தான் மாடிக்கு ஏற்றித் தந்தார். ஒன்று குடிக்க, இன்னொன்று புழங்க. புழங்கிய தண்ணீரை ஜல்லி, மணல், அடுப்புக்கரி போட்ட தொட்டியில் வடிய விட்டு, செடிக்குப் போனது போக மீதியை மறுபடி புழங்குகிற நூறு லிட்டர் டிரம்மிலேயே விடுவேன். பத்து லிட்டருக்கு ஒரு கோடு போட்டு ஒரு குச்சி செய்து வைத்திருந்தேன். ஜன்னலோரம் தட்டுகளில் ஜல்லித் தூளும் மக்கிய எருவும் கலந்து தண்டுக்கீரையும் முள்ளங்கியும் போட்டேன். ஒரு புதன்கிழமை காலை கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஏறுமுகம்தான். அரை வாளியில் குளித்தேன். அதே தண்ணீரில் துணியை அலசினேன். பதினாறாம் நாள் காலையில் குச்சியை விட்டுப் பார்த்தபோது ஐந்தாவது கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. இன்னும் ஐந்து நாள் தாராளமாகத் தாங்கும். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு வார அழுக்குத் தண்ணீரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் சாரல் என் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. அந்த வருடம் மே கடைசியிலேயே வந்துவிட்டது. பதினைந்தாம் நாள் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீசியது; மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்தது. மறுநாளே மைனி வந்துவிட்டார்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. என் கணவருக்கு உடன்பிறந்த அக்காவும் அவர்தான். எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணமும் நடந்தது. சாயங்காலம் இரண்டு வேன் புறப்பட்டது. ஒன்றில் நான் கரிசலை விட்டுத் தென்காசிக்கு வந்தேன். இன்னொன்றில் மைனி தென்காசியை விட்டுக் கரிசலுக்குப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் மைனி வருவார். நாலு நாள் இருப்பார். போகும்போது பத்து லிட்டர் கேன் இரண்டில் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். "தண்ணியப் போயி ஊருக்குக் கட்டிக்கிட்டுப் போறியளே மைனி" என்று நானும் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை வந்த மைனி மாடிக்கு ஏறி வந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பழைய காலத்து ஜன்னல்; கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு செம்பு நுழையும்.

"ஏட்டி, என்ன இப்படிக் கருத்துப்போயிக் கெடக்க? சாப்புடுதியா இல்லியா?"

"சாப்புடுதேன் மைனி. இன்னும் அஞ்சு நாளுதான்."

"சாரல் இப்பிடி அடிக்கி. ஊரே வெளிய நிக்கி. நீ உள்ள கெடக்க." உச்சுக்கொட்டினார். கதவைத் திறக்கக் கூடாது, எதையும் உள்ளே தரக் கூடாது என்று விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டினார். சாப்பாடு கொடுக்கக் கூடாது என்பதை நன்றாகப் புரிந்துகொண்டார். தண்ணீரைப் பற்றி நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒருத்தி சொல்வாள் என்பதே அவர் புத்திக்கு எட்டாத ஒன்று.

மறுநாள் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. மைனி காலையிலேயே ஐந்தருவிக்குப் போய்விட்டதாகக் கணவர் சொன்னார். பதினொரு மணி வாக்கில் நான் குளியலறைக்குள் போனேன். அரை வாளியில் குளித்து, அதிலேயே இரண்டு துணியைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சாரல் வலுத்துவிட்டது, ஜன்னலைக் கொஞ்சம் ஒருக்களிக்க வேண்டும் என்று நினைத்தேன். நிதானமாகத் துணியைப் பிழிந்துவிட்டு வெளியே வந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மைனி நின்றுகொண்டிருந்தார். தலை ஈரம், புடவை ஈரம், மேலே சாரல். காலடியில் இரண்டு கேன். செம்பில் மொண்டு மொண்டு கம்பி வழியாகக் கையை நீட்டி, ஜன்னலோரம் இருந்த என் டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் கேன் ஏற்கெனவே காலி. இரண்டாவதின் அடியில் மிச்சமிருந்ததைச் செம்பில் சாய்த்து அதையும் ஊற்றினார்.

"மைனி! என்ன பண்ணுதிய?"

"டிரம்மு பாதிகூட இல்லட்டி. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுல பாத்திரம் கொறையாக் கெடக்கலாமா?" முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அருவித் தண்ணி. அந்தப் பழைய தண்ணி வாடை வெளிய வரைக்கும் அடிக்கி. இனிமே நல்லாக் குளி."

குச்சியை எடுத்து விட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு ஏறியிருந்தது. பதினேழு நாள் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்க விடுமுறை இல்லை, பள்ளி திறந்துவிடும். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி அதற்கடுத்த வாரம்.  வாய்க்கு வந்ததைப் பேசினேன். பேசியதெல்லாம் இப்போது நினைவில்லை, ஒன்றைத் தவிர.

"நீங்க பொறந்ததுலருந்து தண்ணிக்குள்ளயே கெடந்தவிய. ஒரு சொட்டுத் தண்ணியோட அரும ஒங்களுக்கு என்ன தெரியும்?"

 மைனி செம்பை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.  பிறகு புடவை முந்தானையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். திங்கட்கிழமை வரை இருப்பதாக வந்தவர், சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். கீழே பை மூடுகிற சத்தமும் வாசல் கதவு திறக்கிற சத்தமும் எனக்குக் கேட்டது. நான் தாழைத் திறந்து நாலு படி இறங்கியிருந்தால் போதும். இறங்கவில்லை. பதிவுதான் கெட்டுவிட்டதே, கதவைத் திறந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. ஆரம்பித்ததை முடித்தே தீருவேன் என்கிற வீம்பு. அந்த வீம்புக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு. அது இல்லாமல் நான் இல்லை என்பதும் உண்மை.

கணவர் ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா போயிட்டா."

"கேன எடுத்துக்கிட்டுப் போனாவளா?"

"ரெண்டும் இங்கனதான் கெடக்கு, பாக்கலியா? ராத்திரி பூரா மலையில மழ. அருவில வெள்ளம்னு போலீஸ் யாரையும் விடல. அவ எங்க போயிப் புடிப்பா?" கேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது அவ ஊருக்குக் கொண்டுபோற தண்ணிட்டி. ஒனக்கு ஊத்திட்டா."

அவர் போன பிறகு ஜன்னலடியில் மூடி கழன்று கிடந்த அந்த இரண்டு கேனையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தாய்வீட்டு அடுக்களை மூலையில் ஒரு மண்பானை இருக்கும். போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். வெள்ளிதோறும் மைனி அதிலிருந்து ஒரே ஒரு செம்பு மொண்டு வீட்டுக் குடத்துத் தண்ணீரில் கலப்பார். அதற்குமேல் ஒரு கை எடுக்க மாட்டார். அடுத்த சீசன் வரைக்கும் இழுத்துப் பறித்து அதைக் காப்பாற்றுவார். அண்ணன் ஒருமுறை சொன்னான்: கல்யாணமான முதல் கோடையில் தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்ததாம். அருவியில் குளித்து வளர்ந்த பெண், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாளாம். அழுவாள் என்று எதிர்பார்த்தார்களாம்; அழவில்லையாம். அரை வாளியில் குளிக்க அவளாகப் பழகிக்கொண்டாளாம்.

அதே கோடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தென்காசியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரின் அருமை தெரிந்தவள் என்று இத்தனை வருடம் மார்தட்டிய நான் கரிசலில் இருந்தது இருபத்து மூன்று வருடம். அதுவும் அம்மா மொண்டு வைத்த தண்ணீரில். மைனி இருபத்திரண்டு வருடமாக அந்தக் குடத்தைத் தானே சுமக்கிறார். அவரைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு நான் அழுதேன். செடிகளுக்கு அந்தத் தண்ணீர் பிடித்துப்போய்க் கீரை நாலே நாளில் தளதளவென்று வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருபத்தோராம் நாள் வெளியே வந்தேன். கணவர் யோசனை சொன்னார்: "அன்னையிலருந்து ரெண்டு கோட்டக் கழிச்சுப் போட்டுரு. அங்க இருக்கவனுக்கு என்ன தெரியப்போவுது?" நல்ல மனசோடுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. ஊற்றிய தண்ணீரை மறைத்தால் ஊற்றிய ஆளையும் மறைக்க வேண்டும். பதினேழாம் நாளுக்கு எதிரே, 'வெளியிலிருந்து இருபது லிட்டர் அருவித் தண்ணீர் சேர்க்கப்பட்டது, சேர்த்தவர் என் அண்ணன் மனைவி' என்று ஆங்கிலத்தில் எழுதி, காலிக் கேன்களின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் காணொளியில் கூப்பிட்டார்கள். ஒரு பொறியாளர், ஒரு பெண் மருத்துவர். செடிகளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு பொறியாளர் பதினேழாம் நாளுக்கு வந்தார். இந்த ஒரு நிகழ்வால் பதிவு முழுவதும் செல்லாது என்றார். மருத்துவர் கொஞ்சம் இதமாக, இப்படிப்பட்ட குடும்பச் சூழலிலிருந்து வருகிற உங்களால் ஒரு வருடம் கட்டுப்பாட்டோடு இருக்க முடியுமா என்று கேட்டார். 'இப்படிப்பட்ட' என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது.

"முதலில் இதைச் சொல்லுங்கள்," என்றேன். "உங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், இன்னொருவர் தன் பங்குத் தண்ணீரை அவருக்குக் கொடுப்பாரா, மாட்டாரா? கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்ற உங்கள் கணக்குக் கெட்டுப் பதிவு செல்லாது. கொடுக்காவிட்டால் அந்த வீட்டில் ஆறு பேரும் ஒரு வருடம் தாங்க மாட்டார்கள். காற்று கசிந்தால் என்ன செய்வது, குழாய் வெடித்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு வரி இல்லை."

 நான் விடவில்லை. "என்னிடம் இருபத்தோரு நாள் பதிவு கேட்டீர்கள். என் வீட்டில் ஒருவர் இருபத்திரண்டு வருடமாகத் தனக்குப் பழக்கமில்லாத மண்ணில், பழக்கமில்லாத தண்ணீரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார். பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார். மனிதர் நெடுங்காலம் தாங்குவார்களா என்று தெரிய வேண்டுமானால் அவரைக் கேளுங்கள். உங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை என்றால் படிவத்தை மாற்றுங்கள்."

என் ஆங்கிலம் அன்றைக்கு எப்படித்தான் அவ்வளவு தங்குதடையில்லாமல் வந்ததோ. மருத்துவர் எதையோ குறித்துக்கொண்டார். பொறியாளர் நன்றி சொல்லி முடித்தார். பத்து நாளில் கடிதம் வந்தது: இந்த வருடம் தேர்வாகவில்லை, தடைபடாத பதிவோடு அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் வருத்தம் தெரிவித்தார். "அடுத்த வருசமும் போடுதேன் சார். அதுக்கடுத்த வருசமும் போடுவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்ன தொனி அப்படி.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போய், வரிசையில் நின்று, அந்த இரண்டு கேனிலும் தண்ணீர் பிடித்தேன். தென்காசியில் ஏறிச் சங்கரன்கோவிலில் பஸ் மாறினேன். "என்னம்மா, தண்ணிக்கு லக்கேஜா?" என்று நடத்துநர் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக மைனி பதில் சொன்ன கேள்வி. "ஆமா" என்றேன். திருவேங்கடம் போய்ச் சேர்வதற்குள் கை இரண்டும் மரத்துவிட்டது.

மைனி பின்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னையும் கேனையும் பார்த்தார். முறம் நின்றது.

"நான் சொன்னது தப்பு மைனி."

"தப்புதான்," என்றார். சமாதானமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உளுந்தைத் தட்டில் கொட்டிவிட்டு எழுந்து வந்தார். "அந்த எடம் கெடச்சுதா?"

"இல்ல மைனி. வெளித் தண்ணி சேந்துட்டாம். பதிவு செல்லாதாம்."

மைனி முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கேனின் மூடியையே திருகிக்கொண்டிருந்தார். "அவிய ஊருல வெள்ளிக்கெழம வராதா?" என்றார். பிறகு அவரே தீர்மானம் செய்தார். "அடுத்த வருசம் நீ உள்ள போற அன்னைக்கே நா வந்துருதேன். மாடிப்படியில உக்காந்துக்கிடுதேன். ஒரு பய மேல வர முடியாது."

"இருவத்தோரு நாள்ல மூணு வெள்ளி வரும் மைனி. டிரம்மு கொறஞ்சுக்கிட்டே இருக்கும். பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பியளா?"

 மைனி நிஜமாகவே யோசித்தார். "கஷ்டந்தான். இருப்பேன்" என்றார்.

இருவருமாகக் கேனைத் தூக்கி அடுக்களைக்குக் கொண்டுபோனோம். மண்பானை மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது. இந்த வருடம் அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது. மைனி அதை நிமிர்த்தித் துடைத்தார். நான் கேனைச் சாய்த்துப் பிடித்தேன்.

"ஏட்டி, அங்கன போனா திரும்பி வர முடியுமா?"

"ஒரு வருசம் முடிஞ்சதும் வந்துரலாம் மைனி."

பானையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மைனி கேட்டார்: "திரும்பி வரலாம்னா அதுல என்னட்டி கஷ்டம்?"